கிழக்குத் தொட்டித் தண்ணீர்

இந்த டம்ளர் தண்ணீரில் உப்பு கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு நாக்கு அப்படித்தான் ஆகிவிடும். லிட்டருக்கு எழுநூறு மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருக்கலாம். நீங்கள் குடிக்கலாம், ஒன்றும் ஆகாது. அந்த ஜன்னலோரச் செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். அதன் இலை நுனி கருகியிருப்பது வெயிலால் இல்லை.

நேற்று நான் சொன்னதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. "இணைப்பில் எங்கோ கோளாறு, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். நம்பவில்லை என்பது உங்கள் பேனா போன வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அது நியாயம்தான், நானும் இப்போதெல்லாம் யார் சொல்வதையும் லேசில் நம்புவதில்லை. அதனால் இன்று பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். அவளுடைய புருஷன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான். நான்கு வருடமாக அவனுக்குத் தெரியாமல் மறைந்து வாழ்ந்தவளை அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதானே உங்கள் கேள்வி. விடை என்னிடம் இருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன்பு நான் ஒரு இணையதளம் தொடங்கினேன். "இலைக்கு என்ன ஆச்சு" என்று பெயர். பால்கனியிலும் ஜன்னலிலும் தொட்டி வைத்துச் செடி வளர்ப்பவர்களுக்கான இடம். ஒருவர் வாடிய இலையைப் படம் எடுத்துப் போடுவார். மற்றவர்கள் அதற்கு என்ன நோய் என்று சொல்வார்கள். சொந்தப் பெயர் கூடாது, ஆளுக்கொரு செடியின் பெயர்தான். முகம் காட்டக் கூடாது. எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. தளத்தை நடத்துகிறவன் என்ற சலுகையில் நான் மட்டும் 'மண்புழு' என்று வைத்துக்கொண்டேன்.

இலையைப் பார்த்தவுடன் நோயைச் சொல்லிவிட முடியாது, மேடம். அதற்கு நிறையக் கேட்க வேண்டும். எத்தனையாவது மாடி, பால்கனி எந்தத் திசை, வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது, எதிரே என்ன கட்டிடம், குழாயில் என்ன தண்ணீர், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு உண்டா. மற்ற குரூப்களில் இதையெல்லாம் கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். எங்களிடம் இதைச் சொல்லாமல் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. சொந்தப் பெயரைச் சொல்ல ஆயிரம் தடவை தயங்குகிறவர்கள், தங்கள் பால்கனியில் மூன்றே கால் மணிக்கு எந்த மூலையில் நிழல் விழுகிறது என்பதை வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். செடிக்காகத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பு. எனக்கு இந்த ஊரின் தண்ணீர் அத்துப்படி. படிவின் நிறத்தைப் பார்த்தால் வாரியத்தின் எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். அதை வைத்து யாரிடமும் நான் எதையும் கேட்டதில்லை. மனதுக்குள் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

உறுப்பினர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். தினமும் வருகிறவர்கள் ஒரு முப்பது பேர் தேறும். 'கற்றாழை' ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். 'ஊசிமிளகாய்' மருந்துக்கடை வைத்திருக்கிற பெண், பெயருக்கேற்ற வாய். ஒரு கேள்வி வந்தால் ஒன்பது பதில் வரும், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு. சண்டையும் வரும். வேப்பம் புண்ணாக்கு போடலாமா வேண்டாமா என்று கற்றாழையும் நானும் இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறோம். அந்த இரண்டு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். கூடத்தில் ஒருவரும் என் கருத்தைக் கேட்பதில்லை. மாதிரி வரும், அளப்பேன், கையெழுத்துப் போடுவேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு 'புதினா' வந்தாள். அவளுடைய விண்ணப்பத்தில் அவளைப் பற்றி ஒரு விவரமும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. விதை விற்கிற ஆட்கள் இப்படித்தான் நுழைவார்கள். அனுமதிக்கும் முன் தனிச்செய்தியில் கேட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அண்ணா, நான் என் வீட்டுக்காரர விட்டு வந்துட்டேன். ஆறு வயசுப் பொண்ணு கூட இருக்கா. அவருக்கு இடம் தெரிஞ்சா எங்கள உயிரோட விடமாட்டாரு. டயர் கடை வச்சிருக்காரு, ஆள் பலம் உண்டு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இங்க ஒரு தொட்டி புதினா வச்சிருக்கேன், அது சாகக் கூடாது, அதுக்காகத்தான் வந்தேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. இன்னொன்றும் நடந்தது. பதிவு செய்யும்போது அவள் தன் பழைய ஃபோன் எண்ணைக் கொடுத்திருந்தாள், அப்போது அவளிடம் வேறு எண் இல்லை. ஒரு மாதம் கழித்து அதை அழித்துவிடச் சொன்னாள். "எடுத்துட்டேம்மா" என்றேன். திரையில் தெரிகிற இடத்திலிருந்து எடுத்தேன். அடியில், தளத்தின் தரவுப் பெட்டகத்தில் அது இருந்தது. பூட்டிய அறைக்குள் இருந்தால் யாருக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் அவள் என்னிடம் கேட்டுத்தான் ஒரு இலையைக் கிள்ளினாள். காலையில் கூடத்துக்கு வந்து வெள்ளைக் கோட்டை மாட்டியதும் அவளுடைய கேள்வி காத்திருக்கும். அடியிலை மஞ்சளாகிறது அண்ணா. சிலந்திப்பூச்சி மாதிரி இருக்கிறது அண்ணா. பதில் எழுதினால் "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று வரும். என் மனைவி ஒரு நாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்துவிட்டாள். "அந்தப் புதினா மேல இருக்கிற அக்கறையில கால்வாசி நம்ம வீட்டுக் குழாய் மேல காட்டுங்க. ஆறு மாசமா சொட்டுது. தண்ணி ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர் வீடுன்னு சொன்னா சிரிப்பாங்க" என்றாள். அவள் சந்தேகப்பட்ட மாதிரி இதில் ஒன்றும் கிடையாது, மேடம். நான் புதினாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் இருப்பது கிழக்குத் தொட்டித் தண்ணீர் போகிற நான்கு தெருவில் ஒன்று என்பது எனக்கு முதல் மாதமே தெரியும். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் நான் போனதில்லை.

மற்ற தளங்களோடு இணைக்கும் யோசனை ஊசிமிளகாயுடையது. "அண்ணா, முந்நூறு பேரும் ஒரே கிணத்துக்குள்ள கத்திக்கிட்டிருக்கோம். ஃபோட்டோ தளம் ஒண்ணு, மெசேஜ் ஆப் ஒண்ணு, ரெண்டோடயும் நம்ம தளத்த இணைச்சிடுவோம். இங்க போட்டா அங்கயும் தெரியும், அங்கேர்ந்து ஆளுங்க வருவாங்க. புது ரத்தம் வேணும்ல?" என்று எழுதினாள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். புதினா மட்டும் தனியாகக் கேட்டாள், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணா?" என்று. "நான் இருக்கேன்ல" என்றேன்.

இணைக்கும்போது ஒவ்வொரு உறுப்பினரைப் பற்றியும் தளம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கும். இவருடைய ஃபோன் எண்ணைப் படத் தளத்துக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா. கொடுத்துவிட்டால், அந்த எண்ணைத் தன் ஃபோனில் வைத்திருக்கிற யாருடைய திரையிலும் "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று ஒரு வட்டம் வந்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் 'வேண்டாம்' போட்டேன். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் ஒருவரைக்கூட விடவில்லை.

ஐந்து மாதத்தில் பதினோராயிரம் பேர் ஆனார்கள். கூட்டம் சேர்ந்தால் பேச்சு கூடும் என்று நினைத்தோம். நடந்ததே வேறு. படத் தளத்திலிருந்து வந்தவர்கள் படத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒரு இதயம், ஒரு 'அருமை', அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். மெசேஜ் ஆப்பிலிருந்து வந்தவர்கள் காலை வணக்கப் பூங்கொத்து அனுப்புவார்கள். ஒரு இலை வாடியிருக்கிறது என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் நானூறு இதயம் வரும். வாடிய இலைக்கு எதற்கு இதயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் காபித்தூள் போடச் சொல்வார், ஆயிரம் பேர் போடுவார்கள், ஆயிரம் செடி சாகும். நான் ஒரு பக்கம் எழுதி விளக்குவேன். அந்த ஒரு பக்கத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கீழேயே எண் காட்டும். இரண்டு, மூன்று. அதில் ஒன்று நான்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. இணைத்த பிறகு எல்லோருடைய இன்னொரு முகமும் தெரிய ஆரம்பித்தது. முன்பு கற்றாழை எனக்குக் கற்றாழைதான். பொறுமைசாலி, பத்து வருடம் ஆனாலும் பூக்கட்டும் என்று காத்திருப்பவர். இப்போது அவர் பெயரைத் தொட்டால் படத் தளத்தில் அவர் மருமகனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. ஊசிமிளகாய் தன் கடைக்கு விளம்பரம் போடுகிறாள், அதற்கு எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று இதயம் போடுகிறார்கள். இதற்காகத்தான் இணைக்கச் சொன்னாளோ என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு ஆளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். யார் யாரோடு எங்கே பேசுகிறார்கள், என்னிடம் இல்லாத பேச்சு எங்கே நடக்கிறது என்று. பார்க்கப் பார்க்க ஒருவரையும் நம்ப முடியவில்லை. கற்றாழை ஒரு நாள், "மண்புழு, இது பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிருச்சுப்பா. நான் இங்கயே இறங்கிக்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வருத்தமாக இருந்தது. அவர் போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

புதினா மட்டும் செழித்தாள். அவளுடைய பால்கனிப் படங்களுக்கு மூவாயிரம், நான்காயிரம் இதயம். புதிதாக வந்த பெண்களெல்லாம் "புதினா அக்கா, புதினா அக்கா" என்று அவளையே சுற்றினார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொன்னாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பதில்கள், நான்கு வரியாகச் சுருக்கி. என்னிடம் கேட்பது நின்றுபோனது. அவளுடைய தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுவதைப் படத்தில் பார்த்துவிட்டு நானே வலியப் போய் நீளமாக எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று இரண்டு டிக் நீலமானது. பதில் வரவில்லை. பதினோரு நாள். கடைசியில் நானே "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன். "சாரி அண்ணா, விட்டுப்போச்சு" என்று வந்தது. என்னைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட்டாள் என்று இருந்தது. ஆனால் நான் பெரிதுபடுத்தவில்லை.

அதே வாரம் படத் தளத்தில் ரோஜா என்ற பெயரில் ஒருத்தி என் பதில் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். "மண்புழு அங்கிள் பதில் போட்டிருக்காரு. டீ போட்டுட்டு வந்து உக்காருங்க, படிச்சு முடிக்க சாயங்காலம் ஆயிடும்." நல்ல கேலிதான், நேரில் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதன் கீழே சிரித்தவர்கள் பட்டியல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்துக்குப் பக்கத்தில் புதினாவின் பெயர் இருந்தது. இணைப்பு இல்லாத காலமாக இருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள், நான் அவளுக்கு உரம் சொல்லிக்கொண்டிருப்பேன், இரண்டு பேரும் நன்றாக இருந்திருப்போம். அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மேடம், காரணம் அது இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒருவன் இப்படிச் செய்வானா?

காரணம், அவள் மேல் எனக்கு வந்த சந்தேகம். அடுத்த வாரம் அவள் தன் கையைப் படத்தில் காட்டினாள். வளையல் போட்ட கை, புதினாக் கொத்து. கீழே எழுதியிருந்தாள், "நாலு வருஷம் முன்னாடி வாசல்ல காலடிச் சத்தம் கேட்டாலே நடுங்குவேன். இப்ப எனக்குப் பயமே இல்ல. உங்களாலதான்." உங்களால் என்று அந்தப் பதினோராயிரம் பேரைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவள் கையைக் காட்டுவாளா? பயம் எப்படிப் போகும்? அப்படியென்றால் அது பொய்ப் பயமா? அவளுடைய பழைய செய்திகளை எல்லாம் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். ஒரு இடத்தில் புருஷன் செடித் தொட்டிகளை மாடியிலிருந்து வீசினான் என்கிறாள். இன்னொரு இடத்தில் அவன் செடியே வைக்க விட்டதில்லை என்கிறாள். வைக்கவே விடாதவன் எதை வீசினான்? பார்த்தீர்களா. முதலில் வைத்தாள், வீசினான், பிறகு வைக்க விடவில்லை என்றும் இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பதினோரு நாள் யார் காத்திருப்பது?

ஆகவே ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். அது என் தொழில்தானே. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. தேதியும் நேரமும் உங்கள் கையில் இருக்கிற தாளில் இருக்கும். மாதிரி ஒன்று கொதிக்க நேரமிருந்தது. ஃபோனில் இணைப்பின் அமைப்புகளைத் திறந்தேன். மற்ற பழைய ஆட்கள் எல்லோருக்கும் 'வேண்டாம்' அப்படியே இருந்தது. ஒருத்திக்கு மட்டும் 'கொடுக்கலாம்' என்று மாற்றினேன். அவளுடைய பழைய எண், அழித்துவிட்டேன் என்று சொன்ன எண், படத் தளத்துக்குப் போனது.

என் கணக்கு நேரானது. உண்மையிலேயே அப்படி ஒருவன் இருந்தால், அவன் திரையில் அவள் வருவாள், அவன் இங்கே எட்டிப் பார்ப்பான். அதைப் பார்த்து அவள் பயப்படுவாள். பயந்தால் என்னிடம் வருவாள், வேறு யாரிடம் போவாள், அவள் கதை தெரிந்தது எனக்கு மட்டும்தானே. நான் வழி சொல்வேன். அப்படி ஒருவனே இல்லை என்றால் ஒன்றும் நடக்காது. எப்படிப் பார்த்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. கொஞ்சம் பயந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பயந்திருந்த நாட்களில் அவள் எவ்வளவு மரியாதையாகப் பேசுவாள் தெரியுமா?

ஒன்பதாவது நாள் 'தென்னை' என்ற பெயரில் ஒரு விண்ணப்பம் வந்தது. இணைப்பு இருப்பதால் அவனுடைய படத் தளப் பக்கத்தையும் பார்த்தேன். ஒரு டயர் கடையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஆக, அவள் பொய் சொல்லவில்லை. என் சந்தேகம் தீர்ந்தது. பரிசோதனையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்ணப்பம் முறையாக இருந்தது. செடிப் பெயர் வைத்திருந்தான், எங்கள் தளத்தில் முகம் வைக்கவில்லை. நான் அனுமதித்தேன்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் புதினா கேட்பாள், கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. பதினோராயிரம் பேரில் ஒரு தென்னை எங்கே கண்ணில் படும்? மூன்றாவது நாள் அவன் அவளுடைய படம் ஒன்றைப் போட்டு ஒரு கேள்வி கேட்டான். "தொட்டி ஓரத்துல இப்படி வெள்ளையா படியுதே, இது எந்த ஊர்த் தண்ணில வரும்?"

நன்றாகக் கவனியுங்கள், மேடம். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் தளத்தில் ஒருவர் தண்ணீரைப் பற்றி ஒரு ஒழுங்கான கேள்வி கேட்கிறார். எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது என்பது விதி. நான் எழுதினேன். லிட்டருக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் உப்பு இருந்தால்தான் இந்தப் படிவு வரும், ஆற்றுத் தண்ணீரிலும் ஏரித் தண்ணீரிலும் வராது என்று எழுதினேன். ஊர்ப் பெயரை எழுதினேன். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் கிழக்குத் தொட்டியிலிருந்து நான்கே தெருவுக்குத்தான் போகிறது என்று தெருப் பெயர்களையும் எழுதினேன். "வெயில், திசை, மாடி விவரங்களுக்கு அவருடைய பழைய பதிவுகளைப் பார்க்கவும்" என்று முடித்தேன். அது நான் எல்லோருக்கும் வழக்கமாக எழுதுகிற வரி. பழைய பதிவுகளில் மூன்றாம் மாடி என்று இருக்கிறது, மேற்குப் பார்த்த பால்கனி என்று இருக்கிறது, எதிரே மகளின் பள்ளிக்கூடம், அதன் தண்ணீர்த் தொட்டி நிழல் மூன்றே காலுக்கு விழுகிறது என்று இருக்கிறது. அந்த நான்கு தெருவில் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

பதினோராயிரம் பேரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இதை எழுதினேன், ஒளித்து எழுதவில்லை. யாராவது ஒருவர் படித்திருந்தால், ஐயோ இதை எடுங்கள் என்று சொல்லியிருப்பார். ஒருவரும் படிக்கவில்லை. தென்னை மட்டும் படித்தான், ஒரு இதயம் போட்டான். அந்த மாதம் எனக்குக் கிடைத்த ஒரே இதயம் அதுதான்.

நான்கு நாள் கழித்து, காலை எட்டு ஐம்பதுக்குப் புதினாவிடமிருந்து செய்தி வந்தது. நான் அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கீழ ஒருத்தர் நிக்கிறாரு. அவர் மாதிரியே இருக்கு. பாப்பாவ இப்பத்தான் ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன். உங்களத் தவிர யாருக்கும் இது தெரியாது. என்ன பண்ணட்டும் அண்ணா?"

நீங்கள் நேற்று இந்தச் செய்தியைக் காட்டி, "இதப் படிச்சப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டீர்கள். அதிர்ச்சி என்று சொன்னேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். சந்தோஷம். ஐந்தாறு மாதம் கழித்து அவள் என்னிடம் கேட்கிறாள். நான் அதை மூன்று தடவை படித்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உடனே பதில் போட்டால் இதற்காகவே காத்துக்கொண்டிருந்தது போலத் தெரியும். அதனால் முதலில் ஒரு மாதிரியை அளந்து முடித்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். பதற வேண்டாம் என்று தொடங்கினேன். கதவைத் தாழ் போடு என்றால் அதட்டுவது போல இருந்தது, போடம்மா என்று மாற்றினேன். யாருக்கு முதலில் ஃபோன் செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும், மகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும், எல்லாம் வரிசையாக, ஒன்றும் விடாமல் எழுதினேன். நடுவில் ஒன்பது நாலுக்கு "அண்ணா?" என்று வந்தது. ஒன்பது பதினொன்றுக்கு "படி ஏறி வர்றாரு" என்று வந்தது. இரண்டையும் பார்த்தேன். இவ்வளவு எழுதியதைப் பாதியில் அனுப்புவது எனக்கு வழக்கமில்லை. ஒன்பது முப்பத்திரண்டுக்கு அனுப்பினேன். அதற்கு ஒரு டிக்தான் விழுந்தது. நாற்பத்திரண்டு நிமிடம், மேடம். அவள் என்னைப் பதினோரு நாள் காக்க வைத்தாள். கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் ஊசிமிளகாயை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். குள்ளமான பெண், என் வயதுதான் இருக்கும். புதினாவின் மகளைக் கையில் பிடித்திருந்தாள். புதினாவின் பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் இவளுடைய மருந்துக்கடைக்குத்தான் ஓடிவந்தாராம். அவர் பின்னாலேயே போனவள், பால்கனியில் அந்தத் தொட்டிகளைப் பார்த்துத்தான் தரையில் கிடப்பது யார் என்று புரிந்துகொண்டாளாம். என்னிடம் சொன்னாள்.

"ரெண்டே தெரு அண்ணா. நாலு வருஷமா ரெண்டு தெரு தள்ளி இருந்திருக்கா, எனக்குத் தெரியல. ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல ஓடிப்போயிருப்பேனே."

எனக்குத் தெரியும். ஊசிமிளகாயின் செடித் தொட்டியிலும் அதே வெள்ளைப் படிவுதான், கிழக்குத் தொட்டித் தண்ணீர். இரண்டு பேரிடமும் எப்போதோ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இலையைக் கையிலேயே கொண்டுபோய்க் காட்டுவார்கள். அப்புறம் என்னிடம் கேட்க என்ன இருக்கும்?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். எண்ணைக் கொடுத்தது நான், தெருவைச் சொன்னது நான், பதிலைத் தாமதித்ததும் நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். பதினோராயிரம் பேர் அவளுக்கு இதயம் போட்டார்கள். அக்கா, அக்கா என்றார்கள். உயிர் போகிற நேரத்தில் அவள் அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை, மேடம். என்னிடம்தான் கேட்டாள்.